குளோடியஸ் ஃபாரலின் வருடாந்தர விடுமுறை

குளோடியஸ் ஃபாரல் இறந்து பதினான்கு மாதங்கள் கழித்து, மார்ச் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை, ஆன்டிகுவாவிலிருந்து வந்த காலைப் படகில் ஏழு நாள் விடுமுறைக்காக மொன்செராட் தீவில் வந்து இறங்கினான். படகில் நூற்றிருபது பேர் வந்தார்கள். வரிசையில் அவன் ஏறக்குறைய தொண்ணூறாவது ஆளாக, யாரையும் முந்தாமல் நின்றான். குடிவரவு மேசையில் அன்று மிஸ் மீட் இருந்தார். முந்தைய வருடம் குளோடியஸுக்காக நடந்த நினைவுக் கூட்டத்தில் பாட்டுப் பாடியவர்களில் அவரும் ஒருவர். பாஸ்போர்ட்டில் இருந்த முகத்தையும் எதிரே இருந்த முகத்தையும் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான். பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் மூன்று வருடம் இருந்தது. வருகையின் நோக்கம் என்ற இடத்தில் 'ஓய்வு' என்றும், தங்கும் முகவரி என்ற இடத்தில் 'இஸ்மே ஃபாரல், லுக்அவுட்' என்றும் எழுதியிருந்தான். அவனுடைய இடது தோளில் ஒரு கைப்பிடிப் பனி உருகாமல் இருந்தது. பழம், இறைச்சி, செடி, மண் ஏதாவது கொண்டுவருகிறீர்களா என்று மிஸ் மீட் கேட்டார். இல்லை என்றான். பனியைப் பற்றிப் படிவத்தில் ஒன்றும் இல்லாததால், மூன்றிலை போட்ட பச்சை முத்திரையைக் குத்தி, "ஏழு நாள், நல்லா இருந்துட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டார். பிறகு அவரிடம் எத்தனையோ பேர் கேட்டார்கள். அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "உயிரோட இருக்கீங்களான்னு ஃபாரத்துல கேள்வி இல்லையே. இல்லாத கேள்விய நான் எப்படிக் கேக்குறது?"

குளோடியஸும் இஸ்மேயும் எண்பத்து நான்கில், தீவின் தெற்கே கின்சேல் கிராமத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவன் ரொட்டிக்கடையில் அடுப்புப் பார்த்தான். அவள் ஓட்டல் துணிகளை வெளுத்துக் கொடுத்தாள். தொண்ணூற்றைந்தில் எரிமலை வாய் திறந்தது. கின்சேல் சாம்பலுக்கு அடியில் போன பிறகு, வடக்கே பிரேட்ஸில் ஒரு தேவாலயக் கூடத்தில், கயிற்றில் தொங்கவிட்ட இரண்டு போர்வைகளுக்கு நடுவில் பதினான்கு மாதம் குடியிருந்தார்கள். ஒரு பக்கத்துப் போர்வைக்கு அப்பால் இருமல், மறுபக்கத்தில் ஜெபம். தொண்ணூற்றெட்டில், வருகிறவர்கள் வரலாம் என்று இங்கிலாந்து கதவைத் திறந்தபோது, குளோடியஸ் முதலில் போனான். வேலையும் அறையும் கிடைத்த மறுநாளே கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். இஸ்மே தன் துணிகளைப் பெட்டியில் அடுக்கிவைத்துக் காத்திருந்தாள். முதல் வருடம் கடிதம் வந்தது, ஒரு பீப்பாய் நிறைய அரிசியும் சோப்பும் வந்தன. இரண்டாம் வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வந்தது. மூன்றாம் வருடம் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை. ஐந்தாம் வருடம் மார்ச் திருவிழாவுக்கு ஊர் வந்த ஒருத்தி, பர்மிங்காமில் அவன் பஸ் ஓட்டுகிறான், நெவிஸ் தீவுக்காரி ஒரு நர்ஸோடு இருக்கிறான் என்று சொன்னாள். அன்றைக்கு இஸ்மே பெட்டியைப் பிரித்தாள். உள்ளே இருந்த எந்த உடுப்பும் அவளுக்குப் பத்தவில்லை. அந்த நாட்டு மண்ணில் சாகும்வரை காலை வைப்பதில்லை என்று ஆடுகள் சாட்சியாகச் சொன்னாள். லுக்அவுட்டில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த மரவீடு ஒன்று, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, ஆறு ஆடுகள், நாள் முழுக்க நின்றதில் நரம்பு புடைத்த இரண்டு கால்கள் என்று அவளுடைய வாழ்க்கை அமைந்தது. இரண்டாயிரத்துப் பத்து ஜனவரியில், பஸ் டெப்போவுக்கு எதிரே பனியில் விழுந்து குளோடியஸ் இறந்தான் என்று போனில் தகவல் வந்தது. அங்கேயே புதைத்தார்கள். இஸ்மே ஒரு நாள் லீவு போட்டாள், ஒரு மாதம் கறுப்பு உடுத்தினாள்.

அதனால், அந்த வியாழக்கிழமை மூன்று மணிக்கு வேலை முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்தவனிடம் முதலில் அவள் பார்த்தது அவனுடைய காலணிகளைத்தான். பளபளவென்று இருந்தன. சாம்பல் படியும் எங்கள் ஊரில் அப்படிப்பட்ட காலணியோடு நடப்பவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் மட்டும்தான்.

"செத்துட்டன்னு சொன்னாங்களே" என்றாள்.

"ஆமா. போன வருஷம் ஜனவரில."

"அப்புறம்?"

"லீவுல வந்திருக்கேன். ஏழு நாள்."

கேட்க வேண்டியவை நிறைய இருந்தன. ஆனால் காலையிலிருந்து இருநூறு பிள்ளைகளுக்கு மக்ரோனி கிண்டியிருந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. "பெட்டிய நடு வழியில வைக்காத, கால் தடுக்கும்" என்று சொல்லிக் கதவைத் திறந்தாள்.

செத்தவர்களுக்குப் படைக்கும் சாப்பாட்டில் நாங்கள் உப்புப் போடுவதில்லை. அன்று சாயங்காலம் அவளும் போடவில்லை. சீமைப்பலாவை அவித்து, கிராம்பு மணக்கும் ஆட்டுக்கறிக் குழம்பை அவனுக்கென்று தனிச் சட்டியில் வைத்தாள். ஒரு வாய் தின்றுவிட்டு அவன் நிமிர்ந்தான். "உப்பு எங்க?" என்றான். உங்களுக்கெல்லாம் உப்பு ஆகாதே என்றாள். "பன்னிரண்டு வருஷம் அந்த ஊர்ல உப்பில்லாமதான் தின்னேன். போடு" என்றான். அவள் போட்டாள். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டான்.

அந்த வாரம் முழுக்க அவன், மார்ச்சில் வந்து இறங்கும் மற்ற எல்லாரையும் போலவே நடந்துகொண்டான். வெயில் தாங்கவில்லை என்றான். ரோடு குறுகிவிட்டது என்றான். அங்கெல்லாம் பஸ் சொன்ன நேரத்துக்கு வரும் என்றான். பச்சைக் கட்டம் போட்ட சட்டை வாங்கி மாட்டிக்கொண்டான். குன்றின் மேல் ஏறி நின்று, சாம்பலில் புதைந்த தலைநகரைப் பார்த்து, தான் வேலை செய்த ரொட்டிக்கடை இருந்த இடத்தை விரல் நீட்டிக் காட்டினான். ஒவ்வொரு நாளும் வேறு வேறு இடத்தைக் காட்டினான். பதினேழாம் தேதி, முகமூடி ஆட்டக்காரர்கள் மயிலிறகு செருகிய உயரத் தொப்பியும் கையில் சாட்டையுமாகத் தெருவில் இறங்கியபோது, அவர்களுக்குப் பின்னால் ஆடிக்கொண்டே போனான். அது ஐரிஷ்காரர்களின் புனிதருக்கு உரிய நாள். அடிமைக் காலத்தில் அதே நாளில்தான், இங்கே தோட்டம் வைத்திருந்த ஐரிஷ் எசமானர்கள் குடித்து மயங்கிக் கிடக்கும் நேரம் பார்த்துக் கலகம் செய்ய நினைத்த அடிமைகள் மாட்டிக்கொண்டு தூக்கில் தொங்கினார்கள். தொங்கியவர்களின் பேரப்பிள்ளைகளான நாங்கள் எசமானர்களின் குடும்பப் பெயர்களை வைத்துக்கொண்டு, புனிதருக்கும் தொங்கியவர்களுக்கும் சேர்த்து ஒரே மேளத்தை அடிக்கிறோம். இப்படிப்பட்ட ஊரில் செத்த ஒருவன் ஊர்வலத்தில் ஆடுவது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. அவன் உட்காரும் இடத்தில் குளிர் அடித்ததால் பழைய நண்பர்கள் பியர் பாட்டில்களை அவனுடைய நாற்காலியைச் சுற்றி அடுக்கிவைத்தார்கள். ஏழு நாள் முடிந்ததும் படகு ஏறிப் போனான். அவன் படுத்த கட்டில் மே மாதம் வரை குளிர்ந்து கிடந்தது.

மறு வருடமும் வந்தான். அதற்கு அடுத்த வருடமும் வந்தான். பாஸ்போர்ட் காலாவதியான பிறகு இறப்புச் சான்றிதழைக் காட்டி வந்தான். அதற்குக் காலாவதித் தேதி கிடையாது என்பதால் மிஸ் மீட்டுக்கு அது இன்னும் வசதியாக இருந்தது. ஆண்டு முடிவில் வெளியாகும் வருகையாளர் எண்ணிக்கையில் அவனும் ஒன்றாகச் சேர்ந்தான். வரும்போது டப்பா நிறைய பிஸ்கட்டும் தேயிலைப் பைகளும் கொண்டுவந்தான். மன்னிப்பு என்று எதையும் கொண்டுவரவில்லை. விருந்தாளிக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு இஸ்மே முன்னறையில் பெஞ்சில் படுத்தாள். ஏழு நாள் சமையல், எட்டாம் நாள் துவையல், ஒன்பதாம் நாள் வேலைக்கு ஓட்டம். மற்ற வீடுகளிலும் லண்டனிலிருந்தும் லீட்ஸிலிருந்தும் ஆட்கள் வந்து கட்டில்களைப் பிடித்துக்கொள்வார்கள்தான். மார்ச்சில் எங்கள் தீவில் பாதிப்பேர் பெஞ்சில்தான் தூங்குகிறோம். ஆனால் மற்றவர்களின் விருந்தாளிகள் ஒரு வருடம் வருவார்கள், இரண்டு வருடம் வரமாட்டார்கள். கல்யாணம், ஆபரேஷன், பேரப்பிள்ளை என்று ஏதாவது ஒன்று தடுத்துவிடும். குளோடியஸுக்குத் தடுக்க ஒன்றுமே இல்லை.

இஸ்மேயின் களைப்புக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவன் பெயர் நெவில் பெர்சாட். விமான நிலையம் கட்ட வந்த, இந்திய வம்சத்துக் கயானாக்காரக் கொத்தனார். நிலையம் கட்டி முடித்தும் ஊர் திரும்பாதவன். முற்றத்தில் மூங்கில் நட்டு அனுமனுக்குச் சிவப்புக் கொடி கட்டுவான். ஞாயிற்றுக்கிழமை மெதடிஸ்ட் கோயிலில் கடைசி வரிசையிலும் உட்காருவான், ஏனென்றால் இஸ்மே பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்பாள். பேச்சுக் குறைந்த ஆள். அவளுடைய வீட்டின் பின்பக்கம் ஒரு அறை கட்டித் தருகிறேன் என்று சொல்லி, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நாலு கல் வைத்துக்கொண்டிருந்தான். அந்த அறை யாருக்கு என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் தீவில் கல்யாணம் செய்யாமலே பிள்ளை பெற்றுப் பேரன் எடுத்தவர்கள் ஏராளம். ஆனால் இஸ்மே ஒருமுறை வாய் வார்த்தையை நம்பிப் பெட்டி கட்டிவைத்துக் காத்திருந்தவள். எழுதிக் கையெழுத்துப் போடாத எதிலும் இனி கால் வைப்பதில்லை என்று இருந்தாள். அதனால் இருவரும் சேர்ந்து பாஸ்டர் வீக்ஸைப் பார்க்கப் போனார்கள்.

பாஸ்டர் நல்லவர். நீண்ட நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "மரணம் பிரிக்கும் வரைன்னுதான் நாம வாக்குக் கொடுக்கிறோம். மரணம் வந்துச்சு, ஒத்துக்கிறேன். பிரிச்சுதா? போன மார்ச்சுல உன் வீட்டுக் கட்டில்ல படுத்திருந்தது யாரு, இஸ்மே?"

"பாஸ்டர், நான் பெஞ்சுல படுத்திருந்தேன்."

"அது எனக்குத் தெரியும்மா. கோயிலுக்குத் தெரியணுமே. அவன வரவேண்டாம்னு சொல்லிப் பாரேன்."

அந்த வருடம் அவன் கிளம்பும்போது துறையில் வைத்துச் சொல்லிப் பார்த்தாள். அடுத்த வருஷம் நான் இருக்கமாட்டேன் என்றாள். எங்க போற என்று அவன் உண்மையான அக்கறையோடு கேட்டான். "எங்கயும் இல்ல" என்றாள். அப்ப மார்ச்சுல பார்க்கலாம் என்று அவன் படகில் ஏறினான். நெவில் மறு சனிக்கிழமை நாலு கல் வைக்க வந்தான், இரண்டுதான் வைத்தான்.

இப்படியே போய் இரண்டாயிரத்து இருபது வந்தது. அந்த மார்ச்சில் படகில் வந்தவர்களின் நெற்றியில் கருவியைக் காட்டிச் சூடு பார்த்தார்கள். குளோடியஸின் நெற்றி இரண்டு டிகிரி காட்டியது. காய்ச்சல் இல்லை என்று எழுதி உள்ளே விட்டார்கள். திருவிழா பாதியில் நின்றது. மேளங்களைக் கழற்றி வைத்தார்கள். படகு நின்றது, விமானமும் நின்றது. ஒரு பகலில், நெவில் சாரத்தின் மேல் நின்று பின்னறைச் சுவருக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தபோது, யார் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே இருக்க வேண்டும், மீறினால் தண்டனை என்று ரேடியோவில் அறிவித்தார்கள். கலவைச் சட்டியும் கையுமாக நின்ற நெவில் கீழே பார்த்தான். கீழே நின்று அண்ணாந்து பார்த்த குளோடியஸ், "இறங்கி வா, எங்க போயிடப் போற" என்றான்.

ஆக, அந்த இரண்டறை வீட்டில் இஸ்மே, அவளுடைய செத்த புருஷன், அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருப்பவன் என்று மூன்று பேர் அடைந்தார்கள். நெவில் கூரை போடாத அறையில் தார்ப்பாய் கட்டிப் படுத்தான். குளோடியஸ் கட்டிலில். இஸ்மே பெஞ்சில். முத்திரையில் இருந்த ஏழு நாளும் முடியும்வரை அவள் வழக்கம்போலச் சமைத்துப் போட்டாள். எட்டாம் நாள் காலை ஆறு மணிக்குக் கட்டிலின் தலைமாட்டில் போய் நின்றாள்.

"எழுந்திரு. ஆடு கத்துது, போய்த் தண்ணி காட்டு."

"இஸ்மே, நான் விருந்தாளி."

"அது நேத்தோட முடிஞ்சுது. ஏழு நாள்னுதான் மிஸ் மீட் குத்தியிருக்காங்க. இன்னைல இருந்து நீ வீட்டு ஆளு. வீட்டு ஆளுக்கு இங்க சும்மா சோறு கிடையாது."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நெவிலின் குரல் வந்தது. "தண்ணி காட்டிட்டு அப்படியே இந்தப் பக்கம் வாங்க மிஸ்டர் ஃபாரல். மணல் சலிக்கணும்."

"எனக்கு வேலை சொல்ல நீ யாருய்யா?"

"உங்க பொண்டாட்டிக்கு ரூம் கட்டுறவன்."

குளோடியஸ் அந்தப் பளபளப்பான காலணிகளைக் கட்டிலடியிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு தொழுவத்துக்குப் போனான். அவன் தூக்கிப் போன வாளியில் தண்ணீரின் மேல் கண்ணாடித் தகடுபோல ஐஸ் படிந்தது. ஆடுகள் அதை மூக்கால் உடைத்துவிட்டுக் குடித்தன. அன்று சாயங்காலம் கட்டிலின் மேல் தன் தலையணையை வைத்துவிட்டு இஸ்மே படுத்தாள். மெத்தை ஜில்லென்று இருந்ததால் கம்பளி இரண்டைப் போர்த்திக்கொண்டாள். குளோடியஸ் பெஞ்சில் படுத்தான். கால் நீட்ட முடியவில்லை என்றான். முடியாது என்றாள் அவள்.

மாதத்துக்கு ஒருமுறை மிஸ் மீட் ஜீப்பில் வந்து, வேலிக்கு வெளியே நின்றபடி அவனுடைய அனுமதியை நீட்டித்து முத்திரை குத்திவிட்டுப் போனார். ஏப்ரல் போனது, மழைக்காலம் வந்தது. ஊரடங்கைத் தளர்த்தினார்கள். நெவில் இப்போது வீட்டுக்குப் போயிருக்கலாம், ஆனால் போகவில்லை. குளோடியஸ் மணல் சலித்தான், கல் தூக்கினான், கலவை குழைத்தான். முதலில் கலவை அவன் கையில் உறைந்துபோனது. கையுறை போட்டுக்கொண்ட பிறகு சரியானது. உயிரோடு இருந்த நாளில் கின்சேல் வீட்டில் ஒரு ஆணி அடித்தவன் இல்லை என்று இஸ்மே நெவிலிடம் சொன்னாள். குளோடியஸின் காதில் விழும்படிதான் சொன்னாள். ஆகஸ்டில் சுவர் முடிந்தது. செப்டம்பரில் உள்பூச்சு. ஒரு மத்தியானம் ஆண்கள் இருவரும் பூசிக்கொண்டிருந்தார்கள். வாசலில் உட்கார்ந்து துவரங்காய் உரித்துக்கொண்டிருந்த இஸ்மே, நிமிராமல் கேட்டாள்.

"ஏன் கூப்பிடல?"

குளோடியஸ் பூசிய இடத்தையே மறுபடி பூசினான். "முதல் வருஷம் இடம் கிடைக்கல. ஒரு ரூம்ல நாலு பேர். ரெண்டாம் வருஷம் வெட்கமா இருந்துச்சு. மூணாம் வருஷம் பழகிப்போச்சு."

"பழகிப்போச்சா?"

"ஆமா."

இருபத்திரண்டு வருடங்களாக அவள் அவனுக்காகப் பெரிய பெரிய காரணங்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். நர்ஸின் அழகு, யாரோ வைத்த மருந்து, ஒரு போலீஸ் வழக்கு, சிறை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு கோபத்தையும் எடுத்துவைத்திருந்தாள். அவன் சொன்னதற்குப் பொருந்துகிற கோபம் அவளிடம் இல்லை. கின்சேலை விட்டு வந்த முதல் வருடம் அவளும் அழுதாள், இரண்டாம் வருடம் வெட்கப்பட்டாள், பிறகு அவளுக்கும்தான் பழகிப்போனது. மடியில் இருந்த தோல்களைத் தட்டிவிட்டாள்.

"அப்ப இப்ப மட்டும் ஏன் வருஷா வருஷம் வர்ற?"

"அங்க என்னைப் பார்க்க யாரும் வர்றதில்ல."

"அந்த நர்ஸ்?"

"அடக்கம் முடிஞ்ச அடுத்த மாசமே மகன் வீட்டுக்கு, கனடாவுக்குப் போயிட்டா. நல்லவதான். பத்து வருஷமா ஒருத்தரும் வரல இஸ்மே. பக்கத்துக் குழிக்காரனுக்கு ஈஸ்டருக்கு ஈஸ்டர் பூ வருது. பார்த்துக்கிட்டுச் சும்மா கிடக்க முடியல. அதான் எழுந்து கிளம்பிடுறேன்."

நெவில் கரண்டியைச் சட்டியில் போட்டான். "யாராச்சும் வந்து பார்த்தா வரமாட்டீங்களா?"

"யாரு வருவா?" என்றான் குளோடியஸ், சுவரைப் பார்த்து. பூச்சு காயும் முன் முடிக்க வேண்டியிருந்ததால் வேலையைத் தொடர்ந்தார்கள்.

நவம்பரில் சிறிய விமானம் ஒன்று பறக்கத் தொடங்கியதும் அவன் கிளம்பினான். அறைக்கு அதற்குள் கூரை போட்டாயிற்று. மேற்கு மூலையில் ஒழுகும், தார் பூசு என்று நெவிலிடம் சொல்லிவிட்டு, இஸ்மே கட்டிக்கொடுத்த மரவள்ளி ரொட்டியை வாங்கிக்கொண்டு, எட்டுப் பேர் உட்காரும் அந்த விமானத்தில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து போனான். அடுத்த இரண்டு மார்ச்சிலும் திருவிழா நடக்கவில்லை. அவனும் வரவில்லை. நெவில் பாஸ்டரிடம் போய் நினைவுபடுத்தினான். பாஸ்டர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். எல்லையை மூடியிருந்தபோது உயிரோடு இருப்பவர்களே வரவில்லையே, அதை வைத்து எப்படி முடிவு செய்வது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு மே மாதம் இஸ்மே ஆறு ஆடுகளையும் விற்று விமானச் சீட்டு எடுத்தாள். அவளுக்கு அப்போது அறுபது வயது. ஆன்டிகுவாவைத் தாண்டி எங்கும் போனதில்லை. நானும் வரட்டுமா என்று நெவில் கேட்டான். வேண்டாம் என்றாள். அவன் அவளுடைய பெட்டியை விமான நிலைய வாசல்வரை தூக்கி வந்தான். அவன் கட்டிய கட்டடம்தான் அது. ஆனாலும் அன்றுதான் அந்த வாசல் இவ்வளவு அகலமாக இருப்பதைக் கவனித்தான். அவள் உள்ளே போய் மறைந்த பிறகும் ரொம்ப நேரம் நின்றான். ஒருத்தன் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போய்க் கூப்பிடாத ஊருக்கு அவள் போகிறாள், திரும்பி வருவாளா என்று அவனுக்கு இருந்தது.

பர்மிங்காமில் அவள் ஒரு தூரத்துச் சொந்தக்காரி வீட்டில் தங்கினாள். முதல் நாளே, பாகிஸ்தான்காரர் கடையில் ஆட்டுக்கறி வாங்கி, கிராம்பு போட்டுக் குழம்பு வைத்து, மூடி போட்ட பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு இடுகாட்டுக்குப் போனாள். பஸ் இருபது நிமிடம் தாமதமாக வந்தது. மெல்லிய மழை. குளோடியஸின் மேட்டில் கல் இல்லை, எண் எழுதிய ஒரு மரக்குச்சிதான் இருந்தது. அவன் அதன்மேல் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். அவள் தட்டில் போட்டுக் கொடுத்தாள். வாசனை பரவியது. சுற்றிலும் இருந்த மேடுகளில் ஒன்றொன்றாக ஆட்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். எல்லாரும் எங்கள் தீவுக்காரர்கள், தொண்ணூற்றெட்டிலும் தொண்ணூற்றொன்பதிலும் போனவர்கள். பதினான்கு பேர் இருந்தார்கள். கிளம்பி வரும் துணிச்சல் குளோடியஸுக்கு மட்டும்தான் இருந்தது. மற்றவர்கள் உயிரோடு இருந்தபோதும் லீவு கேட்கப் பயந்தவர்கள்.

"யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ?" என்று கோட்டு போட்ட ஒரு கிழவர் கேட்டார். "மலை இன்னும் புகையுதா?" என்றாள் ஒருத்தி. "என் தம்பி டேவி ஹில்ல இருந்தானே, கால் சரியாச்சா?" "துறைல புதுசா ஏதோ கட்டுறாங்களாமே, முடிச்சாங்களா?" அவள் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். கொண்டுபோனது ஒருவருக்கான குழம்பு. ஆளுக்கு ஒரு துண்டு, ஒரு வாய் சாறு என்று பங்கிட்டாள். மறுநாள் பெரிய சட்டியில் வைத்தாள். ஏழு நாளும் போனாள். காவலாளி வந்து மூடும் நேரமாயிற்று என்று மணி அடிக்கும்வரை ஊர்க் கதை சொன்னாள். யார் யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் யாரோடு பேசுவதில்லை, எந்தக் கடை மூடியது. நாலாம் நாள் அவளுக்குக் குரல் கட்டிவிட்டது. அதற்கப்புறம் கிசுகிசுவென்று சொன்னாள். அவர்கள் நெருங்கி வந்து உட்கார்ந்தார்கள், அவளுக்குக் குளிர்ந்தது. ஒவ்வொருவரும் தம் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பள்ளிக்கூடச் சரக்குப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

கடைசி நாள் மற்றவர்கள் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்து முதுகைக் காட்டிக்கொண்டார்கள்.

"நான் இனிமே வரமாட்டேன்" என்றாள் இஸ்மே.

"தெரியும்."

"நீயும் வராத."

குளோடியஸ் தட்டில் இருந்த எலும்பைச் சப்பி முடித்தான். தலையாட்டினான். "அந்தக் கட்டில்ல இடது பக்கம் ஒரு பலகை விலகியிருக்கு. நெவில்கிட்டச் சொல்லு, ரெண்டு ஆணி அடிச்சா போதும்."

"சொல்றேன்."

"குழம்பு நல்லா இருந்துச்சு."

பிறகு அவன் மேட்டில் படுத்து, மண்ணைப் போர்வைபோலக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, கின்சேலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதுபோலத் திரும்பிப் படுத்தான். அவள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.

ஊர் திரும்பியதும் அவளுக்கு உட்கார நேரமில்லை. பதினான்கு வீடுகளுக்கும் நடந்தே போய்ச் சொல்லி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. சிலர் அழுதார்கள். சிலர் காப்பி கொடுத்தார்கள். டேவி ஹில் தம்பி, கால் சரியாகவில்லை, ஆனாலும் வருகிறேன் என்று அங்கேயே சீட்டுக்குச் சொல்லிவைத்தான். மறு வருடத்திலிருந்து, ஈஸ்டருக்கு முன் வாரத்தில் யாராவது இரண்டு பேர் முறைவைத்துப் பர்மிங்காம் போய் வருகிறார்கள். பாஸ்டர் வீக்ஸ் மூன்று ஞாயிற்றுக்கிழமை கல்யாண அறிவிப்பை வாசித்தார். ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தியபோது ஊரே வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தது. ஒரு கோழி மட்டும் உள்ளே வந்தது. ஜனவரியில் கல்யாணம் நடந்தது. இஸ்மே இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டாள், மை காயும்வரை அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தாள்.

மார்ச்சில் திருவிழா திரும்பவும் நடந்தது. படகு வந்த வியாழக்கிழமை இஸ்மே வேலைக்குப் போகவில்லை. வீட்டில் குழம்பும் வைக்கவில்லை. பதினொரு மணிக்கு மிஸ் மீட் துறையிலிருந்து போன் செய்தார். கடைசி ஆள்வரை முத்திரை குத்தியாயிற்று, அவன் வரவில்லை என்றார். சரி மிஸ் மீட் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, இஸ்மே பின்னறைக்குப் போய்க் கட்டிலின் நடுவில் படுத்தாள். படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் தூங்கினாள், அதற்கு மறுநாளும் தூங்கினாள். மூன்றாம் நாள் நர்ஸ் வந்து நாடி பிடித்துப் பார்த்து, தூங்குகிறார் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்தில் சமையலுக்கு வேறு ஆளைப் போட்டார்கள். நெவில் ஈரத்துணியால் அவள் உதட்டை நனைத்தான், கால்களைத் தலையணை மேல் தூக்கி வைத்தான். பதினேழாம் தேதி முகமூடி ஆட்டக்காரர்கள் லுக்அவுட் வழியாக வந்தபோது, அந்த வீட்டுக்கு முன்னால் மட்டும் மேளத்தைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கணுக்கால் சலங்கை ஒலிக்காமல் நடந்து கடந்தார்கள். விருந்தாளிகள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டினார்கள். கடைசிப் படகு போன மறுநாள் காலை அவள் எழுந்து, முகம் கழுவி, இன்று என்ன கிழமை என்று கேட்டாள். செவ்வாய் என்றான் நெவில்.

"அப்ப பிள்ளைங்களுக்கு மீன் நாள்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.